பெரம்பூருக்குப் போன பசுக்கள்

ஆண்கள் காரின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டும், பெண்கள் திறந்து வைத்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயிலிருந்து ஜோசபின் மட்டும் மாடுகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். பனியில் நிற்கும் மாடு, காய்ந்த புல்லை மென்றுகொண்டே முறைக்கும் மாடு, மூக்கிலிருந்து புகை விடும் மாடு. நடுநடுவே ஒரு குதிரை, ஒரு ஆட்டு மந்தை, உறைந்துபோன குளத்தின் மேல் விழாமல் நடக்கப் பாடுபடும் வாத்துகள். பெரம்பூரில் இருந்த அவளுடைய அக்கா அமலிக்கு வாராவாரம் இந்தக் கால்நடைகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவள் ஒரு படத்தில்கூட இருக்கமாட்டாள்.

"ஜோ, நீ நர்ஸா, மாட்டு டாக்டரா?" என்று கேட்பாள் மாடி வீட்டு ஸ்வர்ணா. "நான் ஸ்னோல நின்னுண்டு எடுத்த போட்டோவை எங்கம்மா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டா. நீ என்னடான்னா மாட்டை மெயில் பண்ணிண்டிருக்கே. உங்க அக்கா என்ன, பால் வியாபாரமா பண்றா?"

ஜோசபின் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். மாடுகள் அக்காவுக்குப் போகவில்லை. அக்காவிடம் விட்டுவிட்டு வந்த மகள் பெனிட்டாவுக்குப் போயின. இதை வாய்விட்டுச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்வர்ணாவுக்கும் தெரியும், அதனால்தான் கிண்டல் செய்தாளே தவிர ஒரு நாளும் தோண்டிக் கேட்கவில்லை.

ஜோசபின் பெரம்பூரில் ரயில்வே ஃபிட்டர் ஒருவரின் இளைய மகள். மெட்ராஸில் நர்ஸிங் படித்தாள், அங்கேயே வேலை பார்த்தாள். அமெரிக்காவுக்குக் கெமிஸ்ட்ரி படிக்கப் போய், மருந்துக் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்துவிட்ட ஏசுராஜைக் கட்டிக்கொண்டாள். கணவனோடு சேர்ந்து வாழ அவளுக்கு விசா கிடைத்தபோது பெனிட்டாவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. இங்கே வந்தால் மெட்ராஸ் சர்டிஃபிகேட் செல்லாது, புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும். அதுவரை முதியோர் இல்லத்தில் பெட்பேன் எடுக்கிற வேலைதான். ஷிஃப்ட் இன்று விடியற்காலை என்றால் நாளை சாயங்காலம். குழந்தையை யார் பார்ப்பது? அமலிக்குப் பிள்ளை இல்லை, பெனிட்டா என்றால் உயிரை விடுவாள். "ஆறு மாசம்தானே," என்றார்கள் எல்லாரும். நம்மவர்கள் வீட்டில் அந்த ஆறு மாசம் ஆறு மாசத்தில் முடிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஜோசபின் முதல் தடவை பரீட்சையில் தோற்றாள், மறுபடி உட்கார்ந்து படித்தாள். எப்படி மனசு வந்தது என்று இப்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனசு வரவில்லை. டிக்கெட் வந்துவிட்டது, ஏறிவிட்டாள், அவ்வளவுதான்.

அவள் கிளம்பி வந்த முதல் வாரமே பெனிட்டாவுக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. அம்மாவின் கல்யாணப் படத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தது குழந்தை. மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஏக்கம்" என்றார்கள். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில்தான் போன் இருந்தது. அங்கிருந்து அமலி தேம்பித் தேம்பி அழுதாள். நர்ஸுக்குப் படித்த ஜோசபின், ஏக்கத்துக்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து படிக்காதவள், தானே ஒரு வைத்தியம் சொன்னாள்.

"என் படம் எல்லாத்தையும் எடுத்து பீரோல வெச்சுப் பூட்டிடு அக்கா. என் பேச்சையே எடுக்காதே. கொஞ்ச நாள் மறந்திருக்கட்டும்."

பூட்டினார்கள். காய்ச்சல் இறங்கியது. ஜோசபின் அன்றைக்குத் தன் புத்திசாலித்தனத்தை நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பெரம்பூர் வீட்டுக்கு அடுத்து ஒரு எருமைக் கொட்டகை. அதன் எதிரே உட்கார்த்தி வைத்தால்தான் பெனிட்டா சாப்பிடுவாள். "மாடுன்னா உசுரு அதுக்கு," என்று அமலி போனில் சொன்னதும் ஜோசபினுக்கு ஒரு வழி பிறந்தது. முகத்தைக் காட்டக் கூடாது, ஆனால் ஏதாவது அனுப்பாமல் இருக்கவும் முடியாது. மனைவியை நயாகராவுக்கு முன்னால் நிறுத்தி எடுக்கப் போகிறேன் என்று ஏசுராஜ் செகண்ட் ஹேண்டில் வாங்கி அலமாரியில் போட்டிருந்த கேமராவை எடுத்தாள். லீவு நாளில் பழைய காரை ஓட்டிக்கொண்டு, ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மேற்கே பண்ணைகள் இருக்கிற பக்கம் போனாள்.

சாலையோர வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாட்டைக் குறி பார்த்துக்கொண்டிருந்தவளை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து விசாரித்தாள். டாரதி என்று பேர், ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை பூட்ஸும் அழுக்குத் தொப்பியுமாக அந்தப் பால்பண்ணையின் சொந்தக்காரி. என் மகளுக்கு மாடு காட்டணும் என்றாள் ஜோசபின். டாரதி குனிந்து காருக்குள் பார்த்தாள். முன் சீட்டிலும் யாரும் இல்லை, பின் சீட்டிலும் யாரும் இல்லை.

"மகள் எங்கே?"

"இந்தியாவில்."

டாரதி போய் கேட்டைத் திறந்துவிட்டாள்.

ஜோசபின் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எண்பத்து மூன்றின் கடைசியில் ஆரம்பித்த குளிர் அது, போகவே மனசில்லாத விருந்தாளி மாதிரி மார்ச் வரை உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மாட்டுத் தொட்டித் தண்ணீர் கல்லாகிவிட்டது, டாரதி கோடரியால் உடைத்துத்தான் மாடுகளுக்குக் காட்டினாள். குளிரில் கேமரா பேட்டரி செத்துப் போகும், அதனால் ஜோசபின் கேமராவைக் கோட்டுக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பாள். படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்து, எடுத்ததும் திரும்ப இடுக்கிக்கொள்வாள். முதல் ரோலில் பனியெல்லாம் சாம்பல் நிறமாகவும் மாடெல்லாம் கரிமூட்டையாகவும் வந்தன. கேமரா சொல்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் விட்டால் பனி வெள்ளையாக விழும் என்று இரண்டு ரோல் வீணாக்கிக் கண்டுபிடித்தாள்.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு படத்தையும் பனியில் மண்டிபோட்டுத்தான் எடுத்தாள். தான் நின்று பார்க்கிற உயரத்திலிருந்து எடுத்தால் அது தான் பார்த்த மாடு. பெனிட்டா அங்கே நின்றிருந்தால் அவள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அங்கே கேமரா இருக்க வேண்டும். குழந்தை வளருமே என்பதற்காக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை உயர்த்தவும் செய்தாள். கால்சட்டை முட்டி நனைந்து, வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அதுவும் ஐஸாகிவிடும். ஹீட்டர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஏசுராஜ், "முட்டி போட்டு ஜெபம் பண்றவங்களைப் பாத்திருக்கேன், மாட்டுக்கு முட்டி போடறது நீ ஒருத்திதான்," என்பான். சொல்லிக்கொண்டே சுடுதண்ணீர்த் துணியை எடுத்து வந்து ஒற்றிவிடுவான். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

டாரதியின் மாடுகள் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. நெற்றியில் வெள்ளைத் திட்டு இருந்தது பெட்ஸி. ஒரு காது மடங்கியது ஜூன். குளிருக்குப் பழைய ஸ்வெட்டரைக் கிழித்துப் போட்டுவிட்டிருந்த கன்றுக்குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. படத்துக்குப் பின்னால் ஜோசபின் பேரை எழுதி அனுப்புவாள். பெனிட்டா அத்தனையையும் மனப்பாடமாகச் சொல்கிறாள் என்று அமலி போனில் சொல்வாள். "பெட்ஸிக்குக் குளுருமான்னு கேக்குது. ஜூன் ஏன் ஒரு காதை மூடிட்டிருக்குன்னு கேக்குது." ஜோசபினுக்கு உலகமே கையில் வந்தது போல இருக்கும். போனைக் குழந்தையிடம் கொடுத்தால் மட்டும் அது வாயைத் திறக்காது. மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுவிட்டு இவள் போனை வைப்பாள்.

இரண்டாம் தடவை பரீட்சையில் பாஸ் ஆனாள். ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட்டில் நிரந்தர வேலை. பிப்ரவரியில் குழந்தைக்கு விசாவும் வந்தது. அழைத்து வர ஆள்? ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் ஊறுகாய், பருப்புப் பொடி, பிரஷர் குக்கர் கேஸ்கெட் என்று ஆளுக்கொன்றைத் தலையில் கட்டுகிற வழக்கம் அப்போது. ஸ்வர்ணாவின் பிரசவத்துக்காக மார்ச் கடைசியில் வரவிருந்த அவளுடைய மாமியார் மீனாக்ஷியின் தலையில் ஒரு குழந்தையையே கட்டினார்கள். "அதுக்கென்ன, ஊறுகா மாதிரி ஒழுகாம இருந்தா சரி," என்று மாமி சம்மதித்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஜோசபின் பெரம்பூருக்குப் போன் போட்டாள். மாமி அழைத்து வரப்போகிற விஷயத்தைக் கேட்டு அமலி சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"ஜோசி, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே."

"சொல்லுக்கா."

"அவ என்னைத்தான் அம்மாங்கிறா. மாதா சத்தியமா நான் சொல்லித் தரலை. தெருப் பசங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுல அம்மான்னு கூப்பிடறதைப் பாத்து தானா வந்துருச்சு. திருத்தினா நீ நெனப்புக்கு வந்து ஏங்கிடுமோன்னு விட்டுட்டேன்."

"பரவால்லக்கா," என்றாள் ஜோசபின்.

"விசா வந்துச்சேன்னு நேத்துதான் பீரோவத் தொறந்து உன் படத்த எடுத்துக் காட்டினேன். 'இது யாரு?'ன்னு கேக்குது. மாடு படம் அனுப்பறது யாருன்னு முன்னாடி கேட்டப்ப, அமெரிக்காவுல ஒரு ஆன்ட்டின்னு சொல்லி வெச்சிருந்தேன். இப்ப நான் என்னன்னு சொல்லி அனுப்பட்டும்? நீயே சொல்லுடி."

யோசித்துச் சொல்கிறேன் என்று ஜோசபின் போனை வைத்தாள். வைத்தியம் நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. மறந்திருக்கட்டும் என்றாள், மறந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க மண்டி போட்டு, குழந்தையின் கண் உயரத்தில் ஒரு உலகத்தையே அனுப்பிவிட்டு, அதில் தன்னை வைக்க மறந்துவிட்டாள். வருகிற குழந்தை தன்னிடம் வருமா? இப்போது அவளுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் கேள்வி.

"சின்னக் குழந்தைதானே, ரெண்டு நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடும்," என்றான் ஏசுராஜ். அவள் சாப்பிடாமல் எழுந்துபோனதும் அவனும் சாப்பிடவில்லை.

அந்த வாரம் பண்ணைக்குப் போனாள், படம் எடுக்கவில்லை. கன்றுக்குட்டிக்கு டாரதி புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால்பண்ணைகளில் அப்படித்தான், ஈன்றதும் கன்றைப் பிரித்துவிடுவார்கள். குடித்து முடித்த கன்று டாரதியின் பூட்ஸுக்குப் பின்னாலேயே ஓடியது. தாய்ப்பசு வேலிக்கு அந்தப் பக்கம் புல்லை மென்றுகொண்டிருந்தது, கன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதே காட்சியைப் போன மாதம் அழகாக இருக்கிறது என்று மூன்று நான்கு படம் எடுத்திருந்தாள் ஜோசபின். இன்று பார்க்க முடியாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். டாரதி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, ஒரு பாட்டில் பாலை மட்டும் நீட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் கடைசி வாரத்தில், இனிமேல் வராது என்று எல்லாரும் பனி அள்ளுகிற ஷவலைக் கட்டிப் போட்ட பிறகு, மறுபடி பனி கொட்டியது. விமானம் தாமதம். ஏர்போர்ட்டில் ஏசுராஜ், "குழந்தை வந்து எறங்கறதை எடுக்கணும்," என்று கேமராவை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டிருந்தான். ஜோசபின் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

கடைசியில் மீனாக்ஷி மாமி பட்டுப்புடவைக்கு மேல் மகனின் பழைய கோட்டும், காலில் செருப்புமாக வெளியே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் தெரிய, பெனிட்டா. எவ்வளவு உயரமாகிவிட்டது! ஜோசபின் தன்னை அறியாமலே மண்டிபோட்டாள். கண்ணும் கண்ணும் நேருக்கு நேராக இருந்தன.

"வழியெல்லாம் சமத்தா வந்தா ஜோசபின், ஒரு தொந்தரவு இல்லே," என்றாள் மாமி. "போடி குழந்தே, யார் வந்திருக்கா பாரு. அம்மாகிட்ட போ."

"அம்மா பெரம்பூர்ல இருக்காங்க," என்றது குழந்தை. மாமி இவ்வளவு பெரியவளாக இருந்தும் இது தெரியவில்லையே என்பது போலச் சொன்னது. பிறகு ஜோசபினின் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தது.

"நீங்க மாட்டு ஆன்ட்டியா?"

"ஏய், ஆன்ட்டி இல்லடா, இவங்கதான் உன்…" என்று ஏசுராஜ் ஆரம்பித்தான். ஜோசபின் அவன் காலைப் பிடித்து அழுத்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

"ஆமாடா செல்லம்," என்றாள் ஜோசபின். "மாட்டு ஆன்ட்டிதான்."

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். சுமந்து பெற்றவள், அடுத்த வீட்டுக்காரி மாதிரி மகளிடம் அறிமுகமாகிறாள். ஆனால் அந்த நேரத்தில் அம்மா என்ற பேருக்குச் சண்டை போட்டால், பெரம்பூரில் இருக்கிற அம்மாவைக் குழந்தையிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கும். ஒரு தடவை பிடுங்கினது போதும் என்று நினைத்தாள்.

"பெட்ஸி எங்க?" என்றது குழந்தை.

"அவ வீட்டுல இருக்கா. நாளைக்குப் போலாமா?"

பெனிட்டா கொஞ்சம் யோசித்தது. மாமியின் கையை விட்டுவிட்டு இவளிடம் கையைக் கொடுத்தது. காரில் பாதி வழியில் அம்மா வேண்டும் என்று அழுதது. ஜோசபின் மடியில் போட்டுக்கொண்டு, "அம்மாவுக்கு போன் பண்ணலாம்டா, பண்ணலாம்," என்று முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். தட்டிய கைக்கு அடியில் குழந்தை தூங்கிப்போனது.

மறுநாள் மூன்று பேரும் பண்ணைக்குப் போனார்கள். டாரதி கேட்டைத் திறந்தாள். காரின் பின் சீட்டில் இந்தத் தடவை ஆள் இருந்ததைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று கொட்டகைக்குள் போய்விட்டாள். பெட்ஸியை நேரில் பார்த்ததும் பெனிட்டாவின் வீரமெல்லாம் போய்விட்டது. படத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்த மாடு இங்கே லாரி மாதிரி நின்று மூச்சு விட்டது. குழந்தை ஜோசபினின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணால் பார்த்தது. மெல்ல மெல்ல இரண்டு கண்ணாலும் பார்த்தது.

"இதை எடுத்து அம்மாவுக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பலாமே. நீ வேலி பக்கத்துல நில்லு, நான் எடுக்கறேன்."

"நீங்களும் நில்லுங்க ஆன்ட்டி."

"நான் எதுக்குடா? நான்தானே எடுக்கணும்?"

"போட்டோ வந்தா அம்மா அழுவாங்க," என்றது பெனிட்டா. "எல்லா மாடும் இருக்கு, என் தங்கச்சி மூஞ்சி மட்டும் காணோமேன்னு அழுவாங்க. ஒவ்வொரு வாட்டியும்."

அக்காவும் ஏங்கியிருப்பாள் என்று ஜோசபினுக்கு அதுவரை தோன்றவே இல்லை. அக்காவுக்கும் சேர்த்துத்தான் அந்த பீரோவைப் பூட்டச் சொல்லியிருந்தாள்.

குழந்தை தலையைச் சாய்த்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"அந்தத் தங்கச்சி நீங்கதானா?"

"ஆமாடா. அமலியோட தங்கச்சி நான்தான்."

"அப்ப நீங்க ஆன்ட்டி இல்லையே," என்றது பெனிட்டா. அதற்குச் சொந்தக் கணக்கெல்லாம் தெரியும், பெரம்பூர் தெருவில் வளர்ந்த குழந்தையாயிற்றே. "அம்மாவோட தங்கச்சின்னா சின்னம்மா."

ஏசுராஜ் மாட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். ஜோசபின் கேமராவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். வேலிக்குப் பக்கத்தில் போய், பனியில் மண்டிபோட்டு, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பெனிட்டா ஒரு கையால் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டது. ஏசுராஜ் கேமராவை அப்படியும் இப்படியும் திருப்பி, எந்தப் பொத்தான் என்று தேடிக்கொண்டிருந்தான்.

"சின்னம்மா," என்று குழந்தை அவள் காதில் சொன்னது, "கண்ணத் தொடச்சிக்கங்க. அம்மா பாத்தா மறுபடி அழுவாங்க."

ஜோசபின் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.